சன்ஷேடுக்குக் கீழே வால்வெள்ளி

டேபிள் ஃபேன் ஒன்றை வைத்துக்கொண்டுதான் எங்கள் மதினி சூரியனைப் புரிந்துகொண்டார். அதற்கு என் தலைமுடிதான் வால்வெள்ளி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அந்த ஃபேனைத் தேடிப் போனேன். அது மதினியின் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் அக்காவைத்தான் மதினி என்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் கூப்பிடுகிற முறை மட்டும் மாறவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா பிள்ள, நல்ல நேரத்துல வந்த. முடியை அவுத்து விட்டுட்டு ஃபேனுக்கு நேரா நில்லு" என்றார். நின்றேன். "ஃபேன்தான் சூரியன். இப்ப அதைப் பாத்து நடந்து வா." நடந்தேன், முடி பின்னால் பறந்தது. "அப்படியே திரும்பி, முதுகைக் காட்டிக்கிட்டு வாசலைப் பாத்துப் போ." திரும்பினேனோ இல்லையோ, முடி மொத்தமும் முன்னால் வந்து கண்ணிலும் வாயிலும் அடைத்துக்கொண்டது. மதினி கைதட்டினார். நாற்பத்தாறு வயதில் ஒருவர் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. "பாத்தியா? வரும்போது வால் பின்னாடி, போகும்போது வால் முன்னாடி! அது போற திசைக்கும் வாலுக்கும் சம்பந்தமே இல்ல பிள்ள. சூரியன் எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்தான் வால்." வாயிலிருந்த முடியை நான் எடுப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது: "யாரு இருக்கா?"

அது மாமா. என் மாமனார். உஸ்மான் ரோட்டுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எனக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் இந்த இரண்டு வார்த்தை மட்டும் மணி அடித்தாற்போல வரும். கால் மணிக்கு ஒரு தரம், சில நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம். தண்ணீர் வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம், ஆள் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். "நான் இருக்கேன் மாமா" என்று அவர் அறை வாசலில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். இருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தால் செல்லாது. ஏஜென்சியிலிருந்து மூன்று ஆயாக்கள் வந்தார்கள். மூன்றாவது அம்மா மேல் டம்ளர் பறந்த பிறகு ஏஜென்சி எங்கள் போனை எடுப்பதை விட்டுவிட்டது. என் கணவருக்கு மருந்துக் கம்பெனி வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். உள்ளூரில் இருக்கிற நாளிலும், "எனக்கு அதெல்லாம் கை வராது" என்று அப்பாவின் அறை வாசலிலேயே நின்றுவிடுவார். கை வராதாம்! எங்களுக்கு மட்டும் பிறக்கும்போதே கை வந்துவிட்டதா?

ஆக, மதினியும் நானும். தரமணியில் எனக்கு ஒரு நல்ல வேலை இருந்தது. காலையில் ஆபீஸ் பஸ், ஜன்னலோர சீட்டு, போகும்போதே அரைத் தூக்கம் என்று ராணி மாதிரி இருந்தேன். அதை விட்டேன். மதினிக்கு ராயப்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. பென்ஷன் வருகிற வேலையை விடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று வீட்டில் முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் முடிவுகள் தாமாகவே ஆகிவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை என் காவல், அதற்குப் பிறகு அவருடையது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கோ கபாலி கோயிலுக்கோ, ஏன், தெருமுனைப் பூக்காரியிடமோ போனதில்லை. ஒருத்தி செருப்பைப் போட்டால் இன்னொருத்தி கழற்றியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் இப்படி.

அப்போது எனக்கு மதினி மேல்தான் கோபம். மாமா மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம், அவர் படுத்துக் கிடக்கிறவர். கணவர் மேல் கோபப்பட்டால் ஊருக்குப் போய்விடுவார். இந்த மனுஷி இவ்வளவு பொறுமையாக இருப்பதால்தான் யாருக்கும் வேறு வழி யோசிக்கத் தோன்றவில்லை என்று பொருமுவேன். ஒரு நாளாவது, "என்னால முடியாது" என்று தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கும் எறிய ஒரு தைரியம் வந்திருக்கும். அவர் எறியவில்லை. அவர் அம்மா இறந்துபோன வருஷம் வந்த வரனை, வீட்டை யார் பார்ப்பது என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதே பழக்கமாகி, பிறகு யாரும் வரன் என்ற பேச்சையே எடுக்காமல் விட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கென்று இருந்தது ஒரு கேமரா. ராயப்பேட்டையில் கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றை மூடியபோது ஆபீஸ் விட்டு வருகிற வழியில் வாங்கி வந்தது. அதை வைத்துப் பூவையோ காக்கையையோ எடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மதினி வானத்தை எடுத்தார். அதுவும் தி.நகர் வானத்தை! எங்கள் மொட்டைமாடிக்கு நான்கு பக்கமும் கடை விளம்பரங்கள். புடவைக் கடை ஒரு பக்கம், நகைக் கடை ஒரு பக்கம். இருட்டிய பிறகு வானம் கேசரி நிறத்தில் இருக்கும். கீழே வாட்ச்மேன் தாத்தா, "இன்னா மேடம், இம்மாம்பெரிய கேமரா தூக்கிக்கினு போறியே, மேல இன்னா கீது? ஒரு ஸ்டாராவது கண்ணுக்குத் தெரியுதா?" என்பார். மதினி விரலை விட்டு எண்ணி, "பதினோரு ஸ்டார் தெரியுது தாத்தா" என்று பதில் சொல்வார். ராத்திரி அவர் முறை என்றாலும், மாலை ஏழிலிருந்து எட்டு வரை அவருக்கு அந்த மாடி. அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். அப்போது மாமா கூப்பிட்டால் நான் போய் நிற்பேன். எட்டு மணிக்குச் செருப்புச் சத்தம் படியில் இறங்கும்.

ஃபேன் விளையாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் மதினியின் வாழ்க்கையில் முதல் வால்வெள்ளி வந்திருந்தது. மாலையில், மேற்கே, சூரியன் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும். மதினி நான்கு நாள் மாடி ஏறினார். நான்கு செகண்டுக்கு மேல் கேமராவைத் திறந்து வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும் என்பதால், நான்கு நான்கு செகண்டாக நூற்றுக்கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அடுக்க அடுக்க மங்கலான சமாசாரம் துலங்கும், கடைத்தெரு வெளிச்சத்தைக் கழித்தால் மிச்சம் வானம். அடுக்கிப் பார்த்தால் தலை மட்டும் இருந்தது, பஞ்சுத் துணுக்கு மாதிரி. வாலைக் காணோம். அடப்பாவமே, நடந்தது என்ன தெரியுமா? நாளுக்கு நாள் அது வானத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலே போகிற ராக்கெட்டுக்கு வால் கீழேதானே இருக்கும் என்று, மதினி தலையைப் படத்தின் மேல் விளிம்பில் வைத்து, கீழே முழுக்க வாலுக்கு இடம் விட்டிருந்தார். வால் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. சூரியன் கீழே, அதனால் வால் மேலே. நான்கு நாளும் வாலை வெட்டி வெளியே தள்ளிவிட்டு, தீபாவளி வாணம் மாதிரி அது கீழே சொரியும் என்று காத்திருந்திருக்கிறார். இது புரிந்த அன்றுதான் ஃபேனையும் என்னையும் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வால்தான் சாப்பாடு, வால்தான் தூக்கம். நான் மாமாவுக்குக் கஞ்சி கரைக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு வால்வெள்ளிக்கு ஒரு வால் இல்லை, இரண்டு. பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த உருண்டை அது. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது ஆவியாகி, ஆவி ஒரு பக்கம் நேர்கோடாக, நீலமாகப் பறக்கும். தூசி கொஞ்சம் சோம்பேறி. அது வெள்ளையாக, அகலமாக வளைந்து பின்தங்கும். "சூரியன் பக்கம் வராத வரைக்கும் அதுக்கு வாலே கிடையாது பிள்ள. இருட்டுல வெறும் கல்லு மாதிரிக் கிடக்கும். தன்னையே கொஞ்சம் கொஞ்சமா இழந்தாத்தான் வால்" என்றார் ஒரு நாள். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நமக்கெல்லாம் இந்நேரம் ஊரளவுக்கு வால் இருக்கணுமே மதினி" என்றேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே மாமா, "யாரு இருக்கா?" என்றார்.

அடுத்த வால்வெள்ளி இரண்டு வருஷம் கழித்து வந்தது. இது பெரியது, கண்ணாலேயே பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் விடியற்காலையில், கிழக்கே, அடிவானத்தை ஒட்டி. சில நாள்தான் தெரியும், பிறகு சூரியனுக்குப் பின்னால் போய்விடும். தி.நகரில் அந்த உயரத்தில் வானமே கிடையாது, கட்டடங்கள்தான். மதினியைப் போல வானத்தை எடுக்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பேசியிருந்தார்கள். மரக்காணம் தாண்டி ஒரு கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, காலை ஒன்பதுக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம். இரண்டு வாரம் முன்பே மதினி என்னிடம் கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்தபடி கேட்டார். "போயிட்டு வாங்க மதினி, நான் பாத்துக்கறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பழைய கறுப்புப் பாவாடையைக் கத்தரித்து கேமராவுக்கு உறை தைத்தார். மூன்று பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. தலையைக் கீழ் விளிம்பில் வைத்து, மேலே முழுக்க வாலுக்கு இடம் விட்டு, நோட்டில் எட்டு தரம் படம் வரைந்து பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் என் அண்ணன் போன் செய்தான். அடையாறில் வாங்கிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஆவணியில் கடைசி முகூர்த்தம், அதே ஞாயிறு, விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. "நீதான் வந்து பால் காய்ச்சணும், நாத்தனார் முறை. மாப்பிள்ளையும் கட்டாயம் வரணும்" என்றான். புது வீட்டில் முதல் பாலைக் காய்ச்சிப் பொங்க விடுவது வீட்டுக்காரனின் கூடப்பிறந்தவள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அவளுக்குப் பட்டுப்புடவை, அவள் கையால் முதல் டம்ளர். நான் பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே மரியாதை அது. ஐந்து வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகாதவள், என்னை நினைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

மதினி சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசமாம் மதினி. அதே ஞாயித்துக்கிழமை விடிகாலைதானாம். நான் வரலன்னு சொல்லிடறேன். நீங்க போங்க." பேச்சுக்குச் சொன்னேன். பேச்சுக்குச் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. குரலைக் கொஞ்சம் இறக்கி, அந்த 'வரல'யில் ஒரு இழுப்பு வைத்தால், எதிரில் இருப்பவர் மறுக்காமல் தப்ப முடியாது. நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். மதினியின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நறுக்கத் தொடங்கியது. "லூசு மாதிரிப் பேசாத. நாத்தனார் இல்லாமப் பால் காய்ச்சுவாங்களா? நீ போ பிள்ள. வால்வெள்ளி எங்க ஓடிடப் போகுது, சூரியனைச் சுத்திட்டு சாயங்கால வானத்துக்கு வந்துதான ஆகணும். மாடியில நின்னே எடுத்துக்குவேன்." இதற்கு மேல் இரண்டாவது தரமும், "இல்ல மதினி, நீங்கதான் போகணும்" என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அந்த இரண்டாவது தரத்தில்தான் நிஜம் வெளியே வரும். நான் சொல்லவில்லை. "சரி மதினி" என்றேன், சட்டென்று, அவர் மனம் மாறிவிடுவதற்குள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலைப்பொழுது எனக்கு ஒரு திருவிழா. மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறைய மல்லிகை, மூன்று மணிக்கே கணவரும் நானும் ஆட்டோவில் காலியான சாலையில் ஜிலுஜிலுவென்று போனோம். ஒரு மணி நேரமாக யாரும், "யாரு இருக்கா?" என்று கேட்கவில்லை என்பதே போதை மாதிரி இருந்தது. அண்ணன் வீடு நான்காவது மாடி, ஆறு கடலில் சேர்கிற பக்கம் பார்த்த பால்கனி. ஹோமப் புகை கண்ணைக் கரிக்கவே, பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் பால்கனிக்கு வந்தேன். அங்கே இன்னும் விளக்கு மாட்டியிருக்கவில்லை. எதிரே ஆற்றுமுகம் இருட்டாகக் கிடந்தது. அதற்கு மேலே, வெளுக்கத் தொடங்கிய வானத்தில், அது நின்றுகொண்டிருந்தது. நான் தேடவில்லை. அதன் நினைப்பே எனக்கு இல்லை. யாரோ சுண்ணாம்பு விரலை வானத்தில் வைத்து மேலே இழுத்துவிட்டாற்போல, கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து செங்குத்தாக ஒரு வால். மதினி எட்டு தரம் நோட்டில் வரைந்த அதே படம். "எங்கடி போன? பால் பொங்கப் போகுது!" என்று உள்ளேயிருந்து அண்ணி கத்தினாள். ஓடினேன். பால் பொங்கியது, எல்லாரும் குலவையிட்டார்கள், யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் அவ்வளவு சிரிக்கிறேன். பிறகு பால்கனிக்கு வந்து பார்த்தபோது வானம் வெளுத்துவிட்டிருந்தது.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மதினி மாமாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் இரவு முழுதும் தூங்காத வீக்கம். "எல்லாம் நல்லா நடந்துதா? பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று கேட்டார். கிழக்குப் பக்கம் என்றேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "வானம் எப்படி இருந்துது பிள்ள?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் வழியெல்லாம் ஆட்டோவில் பதில் தயார் செய்துகொண்டு வந்தேன். தெளிவாக இருந்தது என்று சொன்னால் அவர் இழந்தது இன்னதென்று தெரிந்துவிடும். "ஒரே மேகம் மதினி. கிழக்கால ஒண்ணுமே தெரியல" என்றேன். மதினி தலையாட்டினார். "அப்ப போகாததே நல்லதாப் போச்சு. வேன்காரங்களும் வெறுங்கையோடதான் வந்திருப்பாங்க" என்றார். சட்னியை எடுக்க உள்ளே போனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. புடவையை மாற்றிக்கொண்டு, மத்தியானம் வரை நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாலை வானத்துக்கு அது வந்த வாரம், சென்னையில் தினமும் சாயங்காலம் இடி மழை. பகலெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில், நாலரை ஆனதும் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். இந்த ஊரில் இருக்கிற யாருக்கும் அந்த மாதத்து மாலைகள் எப்படி என்று தெரியும். மதினிக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் கொத்தவரங்காய் நறுக்கியபடி, சாயங்காலம் எடுத்துக்குவேன் என்று சொல்லியிருக்கிறார். எட்டு நாளும் பாவாடை உறை போட்ட கேமராவோடு ஏறினார், எட்டு நாளும் நனைந்து இறங்கினார். "இன்னா மேடம், இன்னிக்கும் டிமிக்கி குட்த்துச்சா ஒங்க ஸ்டாரு?" என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, "நாளைக்குப் பாக்கலாம் தாத்தா" என்றார். ஒன்பதாவது நாள் ஏறவில்லை. அது மறுபடி வருமா என்று கேட்டேன். வரும், ஆனால் அப்போது தி.நகர் இருக்குமா என்று தெரியாது என்றார். கேமரா பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த பங்குனியில் மாமா போனார். தூக்கத்திலேயே, யாரையும் கூப்பிடாமல் போனார். காரியமெல்லாம் முடிந்த பதினேழாம் நாள், மதினியும் நானும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றாகச் செருப்புப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பாண்டிபஜார் பக்கம் கிளம்பினோம். பஸ் ஸ்டாப் வரை போயிருப்போம். இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதினி, "கேஸை மூடினோமா பிள்ள?" என்றார். மூடியிருந்தோம், இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பி வந்துவிட்டோம். வேன்காரர்கள் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். மதினி, விடியற்காலையில் எழுந்தால் தலைவலிக்கிறது என்றார். நானும் தரமணிக்குத் திரும்ப விண்ணப்பம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. சத்தம் வராத அந்த அறையைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

மாமாவின் முதல் திவசத்துக்குப் பெரிதாக ஒரு படம் மாட்ட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். படுக்கையில் விழுந்த பிறகு எடுத்த நல்ல படம் ஒன்றும் இல்லை. மதினி பீரோவின் மேல்தட்டிலிருந்து கேமராவின் கார்டை எடுத்து என்னிடம் கொடுத்து, "இதுல அப்பா படம் ஒண்ணு இருக்கும், பாத்து எடு" என்றார். லேப்டாப்பில் போட்டேன். மாமா இருந்தார். சக்கர நாற்காலியில், கழுத்துக்குத் தலையணை வைத்து, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. எப்போது எடுத்தது என்று பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி இருபது நிமிஷம்.

அதற்கு முன்னும் பின்னும் அறுபத்து மூன்று படங்கள். எல்லாம் அதே ஜன்னல் வழியாக. கீழே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, மேலே எங்கள் சன்ஷேடு, இரண்டுக்கும் நடுவில் கம்பி போட்ட ஒரு முழ வானம். அந்த முழ வானத்தில் அது இருந்தது. தொட்டிக்கு மேலே தலை, அதிலிருந்து வால் கிளம்பி, நேராக ஏறி, சன்ஷேடின் சிமெண்ட் விளிம்பில் போய் முட்டி நின்றது. மூன்று படம், பிறகு ஆறு நிமிஷம் இடைவெளி. ஐந்து படம், பிறகு பதினொரு நிமிஷம். ஒவ்வொரு இடைவெளியிலும் மாமா கூப்பிட்டிருக்கிறார், மதினி ஓடியிருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் அவரையே தூக்கி நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலில் நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு இடைவெளியே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் வந்து வாய் கூசாமல் மேகம் என்றபோது, இந்த அறுபத்து மூன்று படத்தையும் எடுத்து முடித்துவிட்டு, கையில் இட்லியோடு, அப்ப போகாததே நல்லதாப் போச்சு என்றிருக்கிறார்.

சமையலறைக்குப் போனேன். மதினி திவசத்துக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். "மதினி, அன்னிக்கு மேகம் இல்ல" என்றேன். அவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு என்ன செய்ய? என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான சொன்ன. நான் நம்புன மாதிரி இருந்தா உனக்கு அன்னிக்கு நல்லாத் தூக்கம் வரும்னு தோணுச்சு. வந்துது, இல்ல?"

நான் அழுதுவிட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். இப்படியா ஒரு மனுஷி இருப்பாள், வாய் திறந்து நாலு வார்த்தை திட்டக் கூடாதா என்று அவர் தோளிலேயே அடித்தேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு, என் அழுகை அடங்கும் வரை நின்றார். பிறகு, இத்தனை நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்பவர் போல, மெதுவாகக் கேட்டார். "உங்க அண்ணன் வீட்டு பால்கனி கிழக்கப் பாத்தது. மறைப்பு ஒண்ணும் கிடையாது. நீ பாத்தியா பிள்ள?"

"பாத்தேன்."

"முழுசாவா?"

"ஆமா மதினி."

அவர் கண் இரண்டும் என் முகத்தில் ஏதோ எழுதியிருப்பது போல அலைந்தன. "எனக்கு சன்ஷேடு வரைக்கும்தான் கிடைச்சுது. அதுக்கு மேல எம்புட்டு தூரம் போச்சுன்னு தெரியல. நெட்டுல எல்லாரும் போட்ட படத்தைப் பாத்தேன், ஆனா அது கேமரா பாக்குற வாலு. வெறுங்கண்ணுக்கு எவ்வளவு நீளம் தெரிஞ்சுதுன்னு பாத்தவங்கதான சொல்லணும்? கையை நீட்டிக் காட்டேன்." வானத்தில் இருப்பதை நீட்டிய கையால்தான் அளப்பார்களாம். ஒரு விரல், ஒரு முஷ்டி, விரித்த சாண் என்று கணக்கு. நான் கையை ஜன்னல் பக்கம் நீட்டினேன். விரலை விரித்தேன், கொஞ்சம் குறைத்தேன், மறுபடி விரித்தேன். எனக்கு நினைவில்லை. அவ்வளவு பெரிய வானம் மறைப்பில்லாமல் எனக்குக் கிடைத்தது. நான் பார்த்தது அரை நிமிஷம், அதிலும் பாதி நேரம் என் நினைப்பு அடுப்பில் இருந்த பாலின் மேல் இருந்தது.

"ஒரு சாண் இருக்குமா?" என்றார் மதினி.

"இருக்கும் மதினி" என்றேன்.

அவர் என் கைக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். "நல்ல நீளம்தான்" என்றார். எனக்குத் தோள் வலித்தது. அவர் பார்த்து முடிக்கும் வரை கையை இறக்கவில்லை. அது ஒரு சாண் இருந்ததா, அரைச் சாண்தானா, சத்தியமாக எனக்குத் தெரியாது.